அடி எண்ணெய்

மாங்குளக்குறிச்சியில் நினைத்தவர் நினைத்த வண்டியைக் கூப்பிட்டு நெல்லை அறுத்துவிட முடியாது. தாமிரபரணியின் வடகால் பாயும் ஊர் அது. வயல்களுக்குத் தனித்தனிப் பாதை கிடையாது. முன்வயல் அறுத்து முடிந்தால்தான் பின்வயலுக்கு வண்டி இறங்கும். அதனால் மேல்மடையில் தொடங்கிக் கடைமடை வரைக்கும் வரிசையாக அறுத்துக்கொண்டு போக ஒரே வண்டியைப் பேசி வைப்பார்கள். அதற்கு ஊர் அறுப்பு என்று பெயர். எழுத்து ஒன்றும் கிடையாது. வயல்காரர்கள் பிள்ளையார் கோவில் வாசலில் கூடி, இன்னாருக்கு என்று சொல்லிவிட்டுக் கலைந்து போவார்கள். பதினோரு வருடமாக அது முப்பிடாதிக்கு என்று இருந்தது.

முப்பிடாதிக்கு அது பெரிய விஷயம். அவருடைய அப்பா அதே வயல்களில் அரிவாளோடு கூலிக்கு இறங்கியவர். எந்த வயலுக்கு என்றைக்கு வரவேண்டும் என்று வயல்காரர் சொல்ல, அப்பா தலையாட்டிவிட்டு வருவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். இப்போது மாசி பிறந்துவிட்டால் அதே வீட்டுக்காரர்கள் இவரைத் தேடி வந்து, "முப்பிடாதி, நமக்கு என்னைக்கு வாரே?" என்று கேட்பார்கள். கேட்டதும் பதில் சொல்ல மாட்டார். வரப்பில் இறங்கி, கதிரை உருவி, இரண்டு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் நாள் சொல்வார். அந்தக் கடிக்கிற நேரம் அவருக்குப் பிடிக்கும் என்று அவர் மனைவி சண்முகசுந்தரி கேலி செய்வாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தருவைகுளத்துப் பக்கம் ஓர் உப்பளத்தில் டிராக்டர் ஓட்டப் போனார். அந்த அளத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஃபிராங்க்ளின். அவர் தருவைகுளத்துக்காரர், கடற்கரைக் குடும்பம். இருவருக்கும் ஒரே வயது. ஒரே தகரக் கொட்டகையில்தான் சோறு. உப்புக் காற்றில் எந்த இரும்பு எத்தனை மாதத்தில் துருப்பிடிக்கும் என்பதை இருவரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டார்கள். பிறகு ஃபிராங்க்ளின் விசைப்படகுக்கு டிரைவராகப் போனார். முப்பிடாதி ஆத்தூர்க்காரர் ஒருவரின் அறுவடை வண்டியில் ஏறி, தஞ்சாவூர் வரைக்கும் போய் வேலை பழகி, கடைசியில் பழைய பெல்ட் வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார். சக்கர வண்டி சேற்றில் புதைந்துவிடும். பெல்ட் வண்டி பீரங்கி வண்டியைப் போல ஊர்ந்து போய்விடும். அந்த ஊரின் கடைமடை வயல்களுக்கு அதுதான் சரி.

ஊர் மாறினாலும் இருவருக்கும் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. விசைப்படகின் எண்ணெய்த் தொட்டியில் இன்ஜினுக்குப் போகும் குழாய் அடிமட்டத்திலிருந்து ஒரு சாண் மேலே இருக்கும். அதற்குக் கீழே நிற்கிற டீசல் இன்ஜினுக்கு எட்டாது. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகைக் கரையில் ஏற்றும்போது அதை இறைத்து வெளியே எடுப்பார்கள். அதற்கு அடி எண்ணெய் என்று பெயர். ஃபிராங்க்ளின் வேலை பார்த்த படகில் அடி எண்ணெய் டிரைவருக்கு உரியது என்பது வழக்கம். அவர் அதைக் கேன்களில் பிடித்து ஆட்டோவில் ஏற்றி மாங்குளக்குறிச்சிக்குக் கொண்டுவருவார். முப்பிடாதி ஈஸ்டருக்கு ஃபிராங்க்ளின் வீட்டுக்குப் புது அரிசி ஒரு மூட்டை அனுப்புவார். படகுகளுக்குக் கொடுக்கும் வரியில்லா எண்ணெயை வெளியே விற்கக் கூடாது. ஃபிராங்க்ளின் விற்கவில்லை, முப்பிடாதி வாங்கவும் இல்லை. அப்படித்தான் இருவரும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

முதல் வருடம் முப்பிடாதி புனல் மேல் வேட்டித் துணியை மடித்துப் போட்டு அந்த எண்ணெயை ஊற்றப் போனார். பக்கத்தில் நின்ற ஃபிராங்க்ளினுக்கு முகம் மாறிவிட்டது.

"என்னல, பால் வடிக்கியா?" என்றார். "நான் என்ன மண்ணையா கொண்டு வந்திருக்கேன்?"

"இல்லல, ஒரு பழக்கம்."

"உங்க வீட்டு அரிசிய கிளாடிஸ் இதுவரைக்கும் முறத்துல போட்டுப் புடைச்சது கிடையாது, தெரிஞ்சுக்கோ."

கிளாடிஸ் ஃபிராங்க்ளினின் மனைவி. முப்பிடாதி துணியை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடமும் அவர் அந்த எண்ணெயை வடிகட்டவில்லை. பெற்றுக்கொண்ட பொருளை வடிகட்டுவது கொடுத்தவரின் முகத்தில் அடிப்பது போல என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

போன வருடம் மாசிப் பட்டத்து நெல்லான பிசானம் அறுத்து முடிந்ததும் வழக்கம்போலக் கேன்கள் வந்தன. முப்பிடாதி டேங்கில் ஊற்றினார். காலி டேங்க் துருப்பிடிக்கும் என்பது உப்பளத்துப் பாடம். ஆனால் டேங்க் பாதிதான் நிரம்பியது. அந்த வருடம் அணையில் தண்ணீர் இல்லாததால் அடுத்த பருவமான கார் சாகுபடி நடக்கவில்லை. வண்டி தகரக் கொட்டகைக்குள்ளேயே நின்றது. பகலில் தகரம் காயும், விடிகாலையில் டேங்கின் உள்சுவர் வியர்க்கும். மூடியின் ரப்பர் வாசர் வெடித்துப் போயிருந்தது. முப்பிடாதி வண்டியின் பெல்ட்டைப் பார்த்தார், கத்திகளைத் தீட்டினார், செயினுக்கு எண்ணெய் விட்டார். டேங்குக்குள் எட்டிப் பார்க்கவில்லை. டீசல் கெட்டுப்போகும் என்று அவர் கேள்விப்பட்டதில்லை.

மாசியில் அறுப்புத் தொடங்கிற்று. மேல்மடையின் முதல் வயல் ராஜபாண்டியுடையது. ஊர்க் கூட்டங்களில் முதலில் பேசுகிறவர் அவர்தான். முந்தின நாள் பெட்ரோல் பங்கில் போட்ட டீசலோடு வண்டி வயலில் இறங்கி, நாலு சுற்று சுற்றி, ஐந்தாவது சுற்றில் இருமி, இழுத்து, நின்றது.

"என்னவே, வண்டிக்குச் சளியா?" என்றார் ராஜபாண்டி வரப்பில் நின்றபடி.

"பில்டர் அடைச்சிருக்கும் அண்ணாச்சி. இந்தா மாத்திருதேன்."

பில்டரைக் கழற்றிய முப்பிடாதி அதைப் பிறர் கண்ணில் படாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டார். வழக்கமான தூசியோ துருவோ அல்ல. கறுப்பாக, வழவழவென்று, வெண்டைக்காய்ப் பிசுக்கைப் போல விரலோடு நீண்டு வந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. புது பில்டர் போட்டார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி வண்டியைக் கிளப்பினார். ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நின்றது. கையில் இருந்த இன்னொரு பில்டரும் போனது.

அதற்குள் வரப்பில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். கடைமடையில் வயல் வைத்திருக்கும் சொரிமுத்துவும் வந்திருந்தார். முப்பிடாதிக்கு மாமா முறை. ஊரிலேயே வாய் நீளம் உள்ளவர்.

"மருமகனே, டீசல்னு நெனச்சுப் பதநீய ஊத்திட்டியா? வண்டி கள்ளுக் குடிச்சவன் மாதிரிலா நடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தார். ராஜபாண்டி மட்டும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் பக்கம் மேகம் மூட்டமாக நின்றது. மாசியில் மழை வரக் கூடாது, ஆனால் இப்போதெல்லாம் வந்துவிடுகிறது. முற்றிய கதிர் ஒரு மழைக்குச் சாய்ந்துவிட்டால் பாதி நெல் மண்ணுக்குத்தான்.

"முப்பிடாதி, நாளைக்கு ஒரு நாள் பாக்கேன்," என்றார் ராஜபாண்டி. "நாளைக்கும் இப்படின்னா நான் சேலத்து வண்டிக்கு போன் போட்டிருவேன். என் வயலுக்கு மட்டும் இல்ல. மடை முழுசுக்கும்."

"ஓடிரும் அண்ணாச்சி."

"ஓடுனா எனக்கும் சந்தோசம்தான்."

முப்பிடாதி நேராகப் பங்குக்குப் போய்ச் சண்டை போட்டார். பங்க்காரர் சத்தம் போடவில்லை. நிலத்தடித் தொட்டிக்குள் அளவுக் கம்பியை விட்டு எடுத்துக் காட்டினார். நுனியில் தடவியிருந்த பசை நிறம் மாறவில்லை. தண்ணீர் பட்டிருந்தால் மாறியிருக்கும்.

"நான் போட்டது கொஞ்சந்தான் அண்ணாச்சி. உங்க டேங்குல ஏற்கெனவே பாதி இருந்துச்சுலா, அது யாரு போட்டது?"

முப்பிடாதிக்குப் பதில் தெரியும். பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

வண்டிக் கம்பெனியின் தூத்துக்குடி சர்வீஸ் பிரிவிலிருந்து ஜெமி என்கிற பெண் அன்று பிற்பகலே ஸ்கூட்டரில் வந்தாள். டேங்கின் அடியில் உள்ள பிளக்கைத் திறந்து, முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வண்டியின் படியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பாட்டிலுக்குள் எல்லாம் பிரிந்தது. மேலே டீசல், கீழே கலங்கல் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் பாலாடையைப் போலக் கறுப்பாக ஓர் ஆடை.

"இது அழுக்கு இல்ல அண்ணாச்சி. உசுரு," என்றாள்.

"உசுரா?"

"பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் கலந்தது. தண்ணியில இருந்துகிட்டு மேல நிக்கிற டீசலத் திங்கும். சூடு வேணும், தண்ணி வேணும், வண்டி ஓடாம நிக்கணும். மூணும் கெடைச்சா தழைச்சிரும். வண்டி எத்தன மாசமா நிக்கி?"

"போன பிசானத்துல இருந்து."

"டேங்க் ஃபுல்லா?"

"பாதி."

ஜெமி மூடியைத் திருப்பி வாசரைப் பார்த்தாள். வெடிப்பின் மேல் விரலை ஓட்டினாள்.

"எங்கேருந்து வந்திருக்கும்மா இது?"

"காத்துல வரலாம். தண்ணியில வரலாம். ஏற்கெனவே புடிச்ச எண்ணெய ஊத்துனாலும் வரும். கப்பல்லயும் போட்டுலயும் இது நெறைய உண்டு. வயல் வண்டியில நான் பாக்குறது இதான் மொதத் தடவ."

முப்பிடாதி கொட்டகை மூலையைப் பார்த்தார். தருவைகுளத்து நீலக் கேன்கள் அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

ஜெமி வேலையைச் சொன்னாள். டேங்கைக் காலி செய்து கழற்ற வேண்டும். உள்சுவரைக் கையால் சுரண்டித் துடைக்க வேண்டும். குழாய்களைக் கழுவி, பில்டர்களை மாற்றி, புது டீசல் நிரப்பி, அதற்குப் பிறகுதான் மருந்து. மருந்து துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். "மருந்த மட்டும் ஊத்திராதிய அண்ணாச்சி," என்றும் சொன்னாள். "அது கொல்லும். ஆனா செத்தத வெளிய எடுக்காது."

அந்தக் கடைசி வார்த்தை முப்பிடாதியின் காதில் விழுந்தது. மனதில் நிற்கவில்லை. டேங்கைக் கழற்ற வேண்டுமானால் தானிய மூட்டை பிடிக்கிற மேடையைப் பிரிக்க வேண்டும். மறுநாள் பகல் முழுவதும் அதற்கே போய்விடும். ராஜபாண்டி கொடுத்ததோ மறுநாள் ஒரு நாள்தான். முப்பிடாதி தூத்துக்குடிக்குப் போய் மருந்தை வாங்கினார். கடைக்காரர் அவருடைய வேட்டியையும் காலில் ஒட்டியிருந்த சேற்றையும் பார்த்துவிட்டு, "எந்தக் கப்பலுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். முப்பிடாதி, "மாங்குளக்குறிச்சிக் கப்பலுக்கு," என்று சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் பிளக்கைத் திறந்து தண்ணீரை மட்டும் வடித்தார். மருந்தை டேங்கில் ஊற்றினார். புது பில்டர் போட்டார்.

"அந்தப் புள்ள கழட்டித் துடைக்கச் சொல்லிச்சுலா?" என்றாள் சண்முகசுந்தரி.

"அறுப்பு முடியட்டும், கழட்டுதேன்."

"அது சொன்னது ஒண்ணு, நீங்க செய்யுதது ஒண்ணு."

"ஏளா, நாளைக்கு வண்டி ஓடலேன்னா அறுப்பே கிடையாது. அப்புறம் கழட்டி என்ன, மாட்டி என்ன?"

மறுநாள் சனிக்கிழமை. காலையில் வண்டி நன்றாக ஓடியது. முந்தின நாள் நின்ற இடத்தில் இறங்கி, ராஜபாண்டியின் வயலை முடித்து, அடுத்த வயலுக்கும் போய்விட்டது. ராஜபாண்டி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சளி தெளிஞ்சிட்டு போல," என்றார். முப்பிடாதி இருக்கையில் இருந்தபடி கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். உச்சிப் பொழுதில் இன்ஜின் சத்தம் இறங்கியது. ஏறவே இல்லை. வயலின் நட்ட நடுவில் வண்டி நின்றது.

மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. டேங்கின் சுவரில் பல மாதமாக அப்பியிருந்ததெல்லாம் செத்து, தோல் தோலாக உரிந்து, மொத்தமாகக் குழாய்க்குள் வந்து இறங்கியிருந்தது. பில்டர் மட்டுமல்ல, குழாயே அடைத்துவிட்டது. முந்தின நாள் பில்டரை மாற்றியதும் கிளம்பிய வண்டியை இப்போது அசைக்கக்கூட முடியவில்லை. மேகம் இன்னும் கிழக்கில்தான் இருந்தது. ராஜபாண்டி வரப்பிலிருந்து போன் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

முப்பிடாதி ஃபிராங்க்ளினைக் கூப்பிட்டார். நடந்ததை விளக்கவில்லை. "தொட்டிய உள்ள சுரண்டுத நீளக் கம்பு உங்கிட்ட இருக்கும்லா, வேணும்," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஃபிராங்க்ளின் காலைப் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையோடேயே, கம்பையும் ஒரு சாக்கு நிறையப் பஞ்சு வேஸ்ட்டையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வரப்பிலேயே சட்டையைக் கழற்றி மடித்துச் சண்முகசுந்தரியிடம் கொடுத்தார். இருவரும் மேடையைப் பிரித்தார்கள். டேங்கை இறக்கி நெல் தாளின் மேல் கவிழ்த்தார்கள். உள்ளே கையை விட்ட ஃபிராங்க்ளின் ஒரு பிடி எடுத்து வெளியே கொண்டுவந்து வெயிலில் பார்த்தார். மோந்து பார்த்தார். 

"ஏலே," என்றார் மெதுவாக.

"வேலையப் பாருல."

"ஏலே, எங்க படகு போன சித்திரையில கரையேறுனப்போ இதே மாதிரிதாம்ல தொட்டியில கெடந்துச்சு. நாங்க கழுவி விட்டுட்டோம். கழுவுததுக்கு முன்னாலதான் அடி எண்ணெய எறைச்சேன்."

"சரி."

"என்ன சரி? உனக்குத் தெரியுமா?"

"நேத்துக்கு முந்துன நாளுதான் தெரியும்."

"அப்புறம் ஏம்ல எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி? நீ வந்து அத வாயால உறிஞ்சி எடுப்பியா? வாசர் வெடிச்சிருந்துச்சு. பாதி டேங்குல நிறுத்துனது நான். தண்ணி வச்சவன் நான்தான்."

ராஜபாண்டியும், சொரிமுத்து உட்பட மூன்று வயல்காரர்களும் அப்போதுதான் வரப்பில் வந்து நின்றார்கள். சேலத்து வண்டி லாரியில் ஏறிவிட்டது, மறுநாள் காலையில் வந்துவிடும் என்று சொல்ல வந்திருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட டேங்கைப் பார்த்ததும் ராஜபாண்டி கேட்டார்.

"என்ன எண்ணெயவே ஊத்துன நீ?"

"எண்ணெய்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. டேங்க நான் கவனிக்கல. என் தப்பு."

அதோடு விட்டிருந்தால் ஊர் அவரைக் கவனக்குறைவு என்று மட்டும் திட்டியிருக்கும். ஃபிராங்க்ளினால் பொறுக்க முடியவில்லை. முழங்கை வரை கறுப்பு வழிய எழுந்து நின்றார்.

"அவன் மேல தப்பு இல்ல அண்ணாச்சி. நான் கொடுத்த எண்ணெய்தான். படகுத் தொட்டியோட அடி எண்ணெய். அதுலதான் இந்தச் சனியன் வந்திருக்கு. அவன் எனக்காகச் சொல்லாம நிக்கான்."

நண்பனுக்கு நன்மை செய்வதாகத்தான் அவர் நினைத்தார். வரப்பில் நின்றவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

"படகுல மிஞ்சுன கசடா?" என்றார் ஒருவர்.

"ஓசியில வந்துச்சுன்னு ஊத்தியிருக்கான்," என்றார் இன்னொருவர்.

ராஜபாண்டி சத்தம் உயர்த்தவில்லை. "நாங்க வருசம் பூரா பாடுபட்ட நெல்லு முப்பிடாதி. அத அறுக்க வார வண்டிக்கு நீ கடக்கரைக் கழிவ ஊத்திக் கொண்டாந்திருக்கே."

"அண்ணாச்சி, கழிவு இல்ல..."

"பின்ன இது என்னவே?" என்று டேங்கிலிருந்து வழிந்து கிடந்ததைக் காட்டினார்.

 சொரிமுத்து மட்டும் பின்தங்கி நின்றார். மற்றவர்கள் போனதும், "என் வயலு கடைமடை. சேலத்துக்காரன் சக்கர வண்டி எறங்குனா வேர் புடிச்சு நின்னுரும். நான் எங்கயும் போக முடியாது மருமகனே, உன்னைத்தான் கட்டி அழணும். துடைக்கதச் சீக்கிரம் துடை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் பொழுது சாய்கிற வரைக்கும் துடைத்தார்கள். வேஸ்ட் வெள்ளையாகத் திரும்பி வரும்வரை ஃபிராங்க்ளின் விடவில்லை. சண்முகசுந்தரி சோறு போட்டு வைத்திருந்தாள். ஃபிராங்க்ளின் உட்காரவில்லை, கடைசிப் பேருந்து போய்விடும் என்றார். கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அது மூவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை சேலத்து வண்டி மேல்மடையில் இறங்கியது. முப்பிடாதியின் வண்டியும் அன்று ஓடியது, ஒரு தடவைகூட இருமாமல். ஆனால் அதற்கு அறுக்கக் கிடைத்தது சொரிமுத்துவின் வயலும் கடைமடையில் இன்னும் சில துண்டுகளும்தான். சேலத்து வண்டி முன்வயல்களை முடித்து வழி விட்ட பிறகு, அதன் சத்தம் மேலே கேட்டுக்கொண்டிருக்க, அவர் தாழ்ந்த வயலில் சேற்றுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தார். மேகம் மழை தராமலே கலைந்தது. அதுவும் ஒரு வகையில் அவருக்கு எதிராகத்தான் முடிந்தது. இத்தனை அவசரம் வேண்டியதில்லை என்று யாரும் சொல்லவில்லை. சேலத்து வண்டி வந்ததால்தான் தப்பித்தோம் என்று சொன்னார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை அன்று முப்பிடாதி அரிசி மூட்டையைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு தருவைகுளத்துக்குப் போனார். தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையில் வரிசையாக நின்றன. ஃபிராங்க்ளின் படகின் நிழலில் உட்கார்ந்து அடி எண்ணெயை ஒரு பீப்பாயில் இறைத்துக்கொண்டிருந்தார்.

"இது உனக்குக் கெடையாதுல," என்றார் தலையை நிமிர்த்தாமல். "வலைக் கயிறு கொதிக்க வைக்கத அடுப்புக்கு."

"நான் கேட்டேனா?"

"கேட்டாலும் கெடையாது."

"அரிசி வேண்டாமா அப்போ?"

ஃபிராங்க்ளின் நிமிர்ந்து மூட்டையைப் பார்த்தார். "அது கிளாடிஸ்கிட்ட கேளு. நான் யாரு அதச் சொல்ல." பிறகு பீப்பாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார். "ஊர்ல பேசுதாங்களா?"

"பேசுதாங்க."

"நான் வாயத் தொறந்திருக்கக் கூடாதோ?"

முப்பிடாதி யோசித்துப் பார்த்தார். "நீ தொறக்காட்டியும் சேலத்துக்காரன் லாரியில ஏறியாச்சு," என்றார். முழுப் பதில் அது இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. 

அந்த வருடம் அணையில் தண்ணீர் இருந்தது. கார் நெல் நட்டார்கள். ஆவணி கடைசியில் கோவில் வாசலில் கூட்டம் கூடியது. முப்பிடாதி போகவில்லை. கூப்பிடாமல் போகக்கூடாது என்று வீட்டிலேயே இருந்தார். மேல்மடைக்காரர் இருவர் சேலத்து வண்டியையே கூப்பிடலாம் என்றார்கள். சேலத்து வண்டி வரப்பு இரண்டை உடைத்துவிட்டுக் கட்டித் தராமல் போனதை இன்னொருவர் சொன்னார். கடைமடைக்காரர்கள் சொரிமுத்துவைப் பேச விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவரும் குறைவில்லாமல் பேசினார். பேச்சு முடியாமல் வளர்ந்தபோது ராஜபாண்டி ஒரு வழி சொன்னார். வண்டி முப்பிடாதியுடையதாகவே இருக்கட்டும். ஆனால் தினமும் காலையில் வயலில் இறங்குவதற்கு முன், டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் வடித்து, அன்றைக்கு அறுக்கிற வயல்காரரிடம் காட்ட வேண்டும். அவர் சரி என்றால்தான் வண்டி இறங்கும். சரி இல்லை என்றால் அன்றைக்கு அறுப்பு இல்லை.

சொரிமுத்து வந்து வீட்டில் சொன்னார். சண்முகசுந்தரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இவியளுக்கு இனி வயல்காரன் சர்ட்டிபிகேட் கொடுக்கணுமாக்கும்," என்றாள். முப்பிடாதி கொட்டகையில் நின்ற வண்டியைப் பார்த்தார். பதினோரு வருடமாக இவர் நெல்லைக் கடித்துப் பார்த்து நாள் சொன்னார், அவர்கள் காத்திருந்தார்கள். இனி அவர்கள் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார்கள், இவர் காத்திருக்க வேண்டும்.

"என்ன சொல்லட்டும் மருமகனே?"

"சரின்னு சொல்லிருங்க மாமா."

புரட்டாசியில் அறுப்புத் தொடங்கிற்று. முதல் வயல் எப்போதும்போல ராஜபாண்டியுடையது. முப்பிடாதி விடிந்ததும் வண்டியை வரப்போரம் நிறுத்தி, பிளக்கைத் திறந்து, பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ராஜபாண்டி வாங்கிச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். குலுக்கினார். மறுபடி தூக்கிப் பிடித்தார். மூட்டை பிடிக்க வந்த ஆட்கள் வரப்பில் குந்தியிருந்தார்கள். வண்டி உறுமிக்கொண்டே நின்றது.

"அடியில ஒரு முத்துத் தண்ணி நிக்கிவே."

முப்பிடாதி கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. பாட்டிலின் அடியில், மூலையில், கண்ணாடிமணி போல ஒரு சொட்டு. தெளிவான தண்ணீர்தான். கறுப்பு இல்லை. விடிகாலையில் எந்த டேங்கிலும் நிற்பது. வேறு யாராவது கேட்டிருந்தால், இது ஒன்றும் செய்யாது என்று சொல்லியிருப்பார்.

"ஆமா அண்ணாச்சி. நிக்கி."

திரும்பிப் போய் இன்ஜினை நிறுத்தினார். பிளக்கை மறுபடி திறந்து, டீசல் மட்டுமே வருகிற வரைக்கும் வடிய விட்டு, வேறு பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்தார். ராஜபாண்டி அதையும் தூக்கிப் பார்த்தார். இந்த முறை சீக்கிரமே இறக்கிவிட்டார்.

"எறங்கு," என்றார்.

முப்பிடாதி இருக்கையில் ஏறி, வெட்டும் கத்தியைத் தாழ்த்தி, வண்டியை வயலுக்குள் விட்டார்.